டர்பன் பீச்சுக்கு மணல் எங்கேர்ந்து வரணும்: கல்லா, ஹார்பரா, கடலடியா, ஆறா?

தென்னாப்பிரிக்கால நம்ம டர்பன்ல பெரிய அலை அடிச்சு பீச் மணல் போனதும் ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்குவாதம்தான். ஒரு பக்கம் கல்லைக் கொட்டி சுவர் கட்டுங்கன்றாங்க, இன்னொரு பக்கம் கப்பலை விட்டு கடலுக்கு அடியிலேர்ந்து மணலை உறிஞ்சி கரைல இறைங்கன்றாங்க, ஹார்பர் வாய்ல சேர்ற மணலை பம்ப் பண்ணினாலே போதும்னு சிலர், ஆத்துல மணல் அள்ளுறத நிறுத்துங்கன்னு சொல்றவங்க ரொம்பக் கொஞ்சம் பேர், அவங்க பேச்சு கூட்டத்துல எடுபடுறதே இல்ல. நான் அந்தக் கொஞ்சம் பேர் பக்கம். நாலு வழியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துதான் இத சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி நம்ம கடலோட அடித்தரை எப்படி இருக்குன்னு கொஞ்சம் பேசியே ஆகணும், அத விட்டுட்டுப் போடுற எந்தப் பிளானும் நிக்காது.

மொதல்ல மணல் எப்படி நகருதுன்னு பாருங்க. தெக்கேர்ந்து வர்ற அலை கரையில சாய்வா அடிக்குது, அதனால கரையோரமா மணல் வடக்கால நகர்ந்துக்கிட்டே இருக்கு, டர்பன்கிட்ட இது வருஷத்துக்கு சுமார் 5 லட்சம் கன மீட்டர்னு சொல்றாங்க. சென்னை தெரிஞ்சவங்களுக்கு இது புதுசு இல்ல. அங்கயும் மணல் வடக்கால போகுது, ஹார்பர் கட்டினதும் தெக்குப் பக்கம் மெரினா அகலமாச்சு, வடக்குல ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்னுச்சு. டர்பன்லயும் அதே கதை, 19-ம் நூற்றாண்டுல ஹார்பர் வாய்க்கு ரெண்டு பக்கமும் நீட்டிக் கட்டின கல் கட்டுமானமும், அடைப்பா இருந்த மணல் திட்டை வெட்டி ஆழப்படுத்தினதும் சேர்ந்து மணலோட பாதையை மறிச்சிருச்சு. 1904-ல ஆர்மடேல் காஸில்ங்குற பெரிய மெயில் கப்பல் முதல் தடவையா உள்ள வந்தப்போ ஊரே கொண்டாடுச்சு. அந்தக் காலத்துலேர்ந்து வடக்குப் பக்கத்து பீச்சுக்கு தெக்கு மணல் தானா வந்து சேர்றது இல்ல. 2010-ல கப்பல் வழியை 122 மீட்டர்லேர்ந்து 222 மீட்டரா அகலப்படுத்தி இன்னும் ஆழப்படுத்தினாங்க, பெரிய கன்டெய்னர் கப்பல் வரணும்ல.

இப்ப கடலுக்கு உள்ள. நம்ம பக்கம் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டி கடலுக்குள்ள ஆழம் குறைவா நீளுற தரை, ரொம்பக் குறுகல், வடக்கால டுகேலா ஆத்துக்கு எதிர்ல மட்டும்தான் நல்லா அகலமா இருக்கு, மத்த இடத்துல கொஞ்ச தூரம் போனாலே ஆழத்துக்கு இறங்கிடும். சுமார் 20,000 வருஷம் முன்னாடி பனியுகத்துல கடல் மட்டம் இப்ப இருக்குறத விட சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு, அப்ப நம்ம ஆறெல்லாம் இன்னைக்குக் கடலடியா இருக்குற தரை மேல ஓடிச்சு, கரையோரம் மணல் மேடு இருந்துச்சு, அந்த மேடெல்லாம் சுண்ணாம்பு ஊறி இறுகிப் பாறையாயிடுச்சு. ஹார்பருக்குத் தெக்கால நிக்குற பிளஃப் குன்று அப்படி உறைஞ்ச மணல்தான். தெக்கால அம்கோமாஸுக்கு எதிர்ல ஆலிவால் ஷோல் இருக்கே, டைவிங் பண்றவங்க உலகம் பூரா இருந்து வர்றாங்களே, அதுவும் அப்படி முங்கிப்போன மணல் மேடுதான். டர்பனுக்கு எதிர்ல 60 மீட்டர் ஆழத்துல, 100 மீட்டர் ஆழத்துல பழைய கடற்கரை வரிசை அப்படியே கல்லா நிக்குதுன்னு சோனார் சர்வேல கண்டுபிடிச்சிருக்காங்க. பழைய ஆத்துப் பள்ளங்கள் சேறும் மணலுமா நிரம்பி மூடிக் கிடக்கு. ஆக மேல பாக்குறப்போ ஒரே தண்ணி, அடியில பார்த்தா பாறை, மெல்லிசு மணல், சேறு, பள்ளம்னு பத்தடிக்குப் பத்தடி வேற வேற தரை.

இன்னொன்னு ரொம்ப முக்கியம். கரையோரம் மணல் வடக்கால போகுதுன்னு சொன்னேன்ல, திட்டோட வெளி ஓரத்துல அகுல்ஹாஸ் நீரோட்டம் அதுக்கு நேர் எதிரா தென்மேற்கால ஓடுது, அதுவும் சாதாரண வேகம் இல்ல, கடலடியில பெரிய பெரிய மணல் அலைகளையே தள்ளிக்கிட்டுப் போகுற வேகம். அங்க போய் சேர்ந்த மணல் கடைசில திட்டு ஓரத்துலேர்ந்து ஆழத்துல விழுந்துடுது, திரும்பி வராது. நம்ம பீச்சுக்கு உண்மையான சேமிப்புன்னு சொல்ல உள் திட்டுல கரையை ஒட்டிக் கிடக்குற மணல்தான் இருக்கு. குடும்பக் கணக்கு மாதிரிதான், ஆறு கொண்டு வர்றது வரவு, வெளி நீரோட்டம் கொண்டு போறது செலவு, நடுவுல இருக்குறது கையிருப்பு. டர்பன் டைடு கேஜ் (கடல் மட்டம் அளக்குற கருவி) கணக்குல கடல் மட்டம் வருஷத்துக்கு 2.7 மில்லிமீட்டர் கிட்ட ஏறிக்கிட்டு வந்திருக்கு, அதனால கையிருப்பு போதாமப் போற காலம் இது.

சரி, கல்லு.

2007 மார்ச் 18, 19, 20 தேதிகள்ல அடிச்ச புயல் இங்க யாருக்கும் மறக்காது. அந்தச் சமயத்துல பெரிய கடல் பெருக்கும் சேர்ந்துக்கிச்சு, 18.6 வருஷ நிலா சுழற்சியோட உச்சம் வேற, வடக்கால ரிச்சர்ட்ஸ் பே ஹார்பர்ல அலை 8.5 மீட்டர் உயரத்துக்கு பதிவாச்சு, நம்ம குவாசுலு நேட்டால் மாகாணத்துக் கரை பூரா சேதம் 100 கோடி ரான்டுக்கு மேல. அதுக்கப்புறம் டர்பனுக்கு வடக்கால பாலிட்டோ, அம்ட்லோட்டி, அம்லாங்கா பக்கம் வீடு வெச்சிருக்கவங்க கல்லுச் சுவர், மணல் நிரப்பின பெரிய துணிப்பைன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அவங்க பயம் புரியுது, வீட்டுக்கு அடியில மணல் போறத நின்னு பாக்குறது லேசான விஷயம் இல்ல. ஆனா சுவர் வீட்டைக் காப்பாத்தும், பீச்சைக் காப்பாத்தாது. அலை சுவர்ல மோதித் திரும்புற வேகத்துல முன்னாடி இருக்குற மணலைத் தோண்டும், சுவர் முடியுற எடத்துல பக்கத்து வீட்டுக்காரன் கரையை இன்னும் வேகமா அரிக்கும். அதோட சுவருக்குப் பின்னாடி இருக்குற மணல் மேடு புயல் சமயத்துல பீச்சுக்கு மணல் குடுக்குற வழியும் அடைஞ்சிடும். துணிப்பை கல்லை விடப் பரவாயில்ல, அவசரத்துக்குப் போடலாம், வேணாம்னா கிழிச்சு மணலை விட்டுடலாம்.

இதுல கரைவலை போடுறவங்கள யாரும் நினைக்கிறதில்ல. நம்ம முன்னோர்கள் 1860-லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்துல வந்து, ஒப்பந்தம் முடிஞ்சதும் சில குடும்பம் சாலிஸ்பரி தீவு, ஃபின்லேண்ட் பக்கம் கரைவலையோட குடியேறினாங்க, அந்தப் பரம்பரைல இன்னைக்கும் ஜூன், ஜூலைல ஸார்டீன் வர்றப்போ வலை போடுறவங்க இருக்காங்க. கரைவலை இழுக்க சரிவான மணல் வேணும். கல்லு கொட்டின எடத்துல வலை கிழியும், அவ்வளவுதான், அந்தக் கரை அவங்களுக்கு இல்ல. ஹோட்டல், ரோடு, கழிவுநீர் பம்ப் மாதிரி நகர்த்தவே முடியாத ஒன்னு பின்னாடி இருந்தா மட்டும் கல்லு, மத்த எடத்துல வேணாம்ன்றது என் கருத்து.

ரெண்டாவது, ஹார்பர் மணல். இது டர்பன்ல ஏற்கனவே நடக்குற வேலை. தெக்குக் கல் கட்டுமானத்துக்குப் பக்கத்துல, பிளஃப் ஓரமா மணல் வந்து விழுறதுக்குன்னே ஒரு பள்ளம் தோண்டி வெச்சிருக்காங்க, டிரெட்ஜர்ங்குற தூர்வாருற கப்பல் அங்க சேர்றத அள்ளி ஹார்பர் வாய்க்கிட்ட இருக்குற தொட்டியில கொட்டும், அங்கேர்ந்து தண்ணி கலந்து குழாய் வழியா சிட்டி பீச்சுகளுக்கு பம்ப் பண்றாங்க. மணலோட பாதையை நாமதான் மறிச்சோம், அதனால மறிச்சவங்களே தூக்கி அந்தப் பக்கம் விடுறதுதான் நியாயம், புதுசா ஒரு எடத்தையும் தோண்ட வேண்டியதில்ல, மணலோட பருமனும் அதேதான். கடலடி ஜியாலஜி கண்ணுல பாத்தா இதவிட சுத்தமான வழி கிடையாது.

குறை எங்கன்னா இது நிக்காம நடக்கணும். டிரெட்ஜர் ரிப்பேர்னா, கப்பல் வழியை ஆழப்படுத்துற வேலைக்குப் போயிடுச்சுன்னா, ரெண்டு மூணு மாசத்துல பீச் மெலிஞ்சு போறத ப்ரோமனாட்ல (பீச் ஓர நடைபாதைல) நடக்குறவங்க எல்லாரும் பாக்கலாம். பாண்டிச்சேரி நமக்குப் பாடம்: அங்க 1980-கள்ல ஹார்பர் கட்டினப்போ மணலைத் தாண்டி விடுற ஏற்பாடும் திட்டத்துல இருந்துச்சு, அத ஒழுங்கா ஓட்டல, கடைசில பீச் போய் ஊர் ஓரம் பூரா கல்லு கொட்ட வேண்டி வந்துச்சு, 2018-ல தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணிக்கடியில ஒரு செயற்கைத் திட்டு வெச்சப்புறம்தான் மணல் கொஞ்சம் திரும்புச்சு. டர்பன் அந்த நிலைமைக்குப் போகாம இருக்குறது இந்தக் குழாயாலதான். ஆனா இந்த மணல் முக்கியமா சிட்டி பீச்சுக்குத்தான், சிட்டிக்கு வடக்கால இருக்குற அம்கேனி ஆத்து முகத்துவாரம் தாண்டி வடக்கால போறது இத மட்டும் நம்பி இருக்க முடியாது.

மூணாவது வழிலதான் ரொம்பப் பேருக்கு ஆசை, கடலுக்குள்ள இருந்து மணல். ஹாலந்துக்காரன் பண்றானே, 2011-ல ஒரே இடத்துல 2 கோடி கன மீட்டருக்கு மேல கொட்டி மணல் தீபகற்பமே பண்ணினானே, நம்மால முடியாதான்னு கேக்குறாங்க. முடியும், ஆனா ஹாலந்து கடல் வேற, நம்ம கடல் வேற. அவங்களுக்கு நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆழம் குறைஞ்ச மணல் தரை. அப்படி இருந்தும் அவங்க 20 மீட்டர் ஆழக் கோட்டுக்கு வெளிய போய்த்தான் எடுக்கணும்னு விதி வெச்சிருக்காங்க, ஏன்னா அதுக்கு உள்ள இருக்குற மணல் பீச்சோட சேர்ந்தது, அங்க எடுத்தா அடுத்த புயல்ல பீச் அந்தக் குழிக்குள்ள இறங்கிடும், குழி அலையையும் திருப்பி விடும். நம்ம பக்கம் அலை பெருசு, அதனால அந்த எல்லை இன்னும் வெளிய தள்ளித்தான் இருக்கணும். வெளிய தள்ளினா என்ன ஆகுது? 60 மீட்டர்கிட்ட பழைய கரைப் பாறை, அதுல மீனும் பவளமும். அதுக்கும் வெளிய அகுல்ஹாஸ் ஆட்சி. மணல் எடுக்கக்கூடாத அந்த எல்லைக்கும் இந்தப் பாறைக்கும் நடுவுல ஒரு பட்டைதான் மிச்சம்.

அந்தப் பட்டையும் காலியா இல்ல. டர்பனோட ரெண்டு பெரிய கழிவுநீர்க் குழாய் 1960-களோட கடைசில போட்டது, 3, 4 கிலோமீட்டர் கடலுக்குள்ள நீட்டி நிக்குது, அதுக்குச் சுத்தி இருக்குற மணல்ல என்னென்ன படிஞ்சிருக்குன்னு டெஸ்ட் பண்ணாம குழந்தைங்க விளையாடுற பீச்சுல கொட்ட முடியுமா? இசிபிங்கோவுக்கு எதிர்ல கச்சா எண்ணெய்க் கப்பல் கட்டுற மிதவையும் அதோட குழாயும் இருக்கு. அமன்சிம்டோட்டில மொரிஷியஸ், ரீயூனியன்லேர்ந்து வர்ற மெட்டிஸ்ங்குற கடலடி இன்டர்நெட் கேபிள் கரையேறுது. ஹார்பருக்கு வெளிய கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்து நிக்குது, ஒவ்வொரு நங்கூரமும் தரையை உழுதுட்டுப் போகும். தூர்வாரின சேறு கொட்டுற எடம் தனி. இதோட ஆலிவால் ஷோல் பாதுகாப்புப் பகுதி, வடக்கால 2019-ல அறிவிச்ச புதுசு 20 பாதுகாப்புப் பகுதில ஒன்னான, டுகேலா ஆத்துக்கு எதிர்ல இருக்குற உதுகேலா. இந்த மாதிரி நெருக்கடிக்குத்தான் 2018-ல கடல் இடத் திட்டமிடல் சட்டம் போட்டாங்க, எந்த எடம் எதுக்குன்னு முன்னாடியே பிரிச்சு வைக்க. ஆனா மேப்புல நீல நிறத்துல கட்டம் போட்டுப் பிரிச்சா போதாது, ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில மணல் எத்தன மீட்டர் கனம், பருமன் என்ன, சேறு எவ்வளவு, கீழ பாறை எங்கன்னு எழுதி இருக்கணும். அதுக்கு மல்டிபீம் சோனார், அடுக்கு பாக்குற சீஸ்மிக், அப்புறம் குழாய் இறக்கி எடுக்குற மண் மாதிரி, மூணும் வேணும். சல்லடைல சலிச்சுப் பாக்குறப்போ பீச் மணலை விட நைசா இருந்தா கொட்டின வேகத்துல கடலே திருப்பி எடுத்துக்கும், காசு தண்ணில போச்சு. சேறு அதிகமா இருந்தா கலங்கல் போய் பாறைத் திட்டுல படியும்.

அதனால கடலடி மணலை வேணாம்னு சொல்லல, 2007 மாதிரி ஒன்னு திரும்ப வந்தா ஒரே தடவைல நிறைய மணல் வேணும், அதுக்கு ரெண்டு மூணு எடத்தை இப்பவே சர்வே பண்ணி, வேற யாருக்கும் குடுக்காம ஒதுக்கி வெச்சிருக்கணும். அது அவசர இருப்பு, வருஷா வருஷம் கை வைக்கிறதுக்கு இல்ல.

இப்ப ஆறு, என் மனசுக்கு நெருங்கின விஷயம். தெக்குல அம்கோமாஸ், நடுவுல அம்கேனி, வடக்கால டோங்காட் ஆறு, நடுநடுவுல சின்னச் சின்ன ஆறுகள், டிராகன்ஸ்பெர்க் மலைலேர்ந்தும் அதுக்குக் கீழ இருக்குற குன்றுகள்லேர்ந்தும் இதுங்க கொண்டு வந்த மணல்தான் இந்தக் கரை. மணல் தினமும் கொஞ்சம் கொஞ்சமா வராது, வெள்ளத்துல வரும். 1917 அக்டோபர்ல அம்கேனி பொங்கினப்போ ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் ஆத்தங்கரைல தோட்டம் போட்டு வாழ்ந்த நம்ம ஜனங்கள் நூத்துக்கணக்குல செத்தாங்க, 'படவட்டன் சிக்ஸ்'னு பேர் வாங்கின ஆறு பேர் படகை எடுத்துக்கிட்டுப் போய் 176 பேரக் கரை சேர்த்தாங்க, அந்தப் பேர் டர்பன் தமிழர் வீடுகள்ல இன்னைக்கும் சொல்லப்படுது. 1987 செப்டம்பர்ல திரும்ப வெள்ளம், 2022 ஏப்ரல்ல திரும்ப, 400 பேருக்கு மேல போனாங்க. அவ்வளவு துக்கம் கொண்டு வர்ற அதே வெள்ளம்தான் முகத்துவாரத்துல கிடக்குற மணலைக் கடலுக்குத் தள்ளி, அலை அத எடுத்து அடுத்த சில வருஷத்துல பீச்சா பரப்புது. அம்கேனி முகத்துவாரத்துல இருக்குற ப்ளூ லகூன்ல அஸ்தி கரைக்கவும் சாமி கும்பிடவும் போறவங்க நிக்குற மணலும் அப்படி வந்ததுதான்.

அம்கேனில இப்ப நாலு பெரிய அணை, நேகல் 1950, மிட்மார் 1965, ஆல்பர்ட் ஃபால்ஸ் 1976, இனாண்டா 1989. இனாண்டா கடலுக்குப் பக்கத்துல இருக்கு, மேலேர்ந்து வர்ற மணல் எல்லாம் அங்கயே நின்னுடும். குடிதண்ணி வேணும், அணையை இடிங்கன்னு யாரும் கேக்கல. ஆனா அணைக்குக் கீழ மிச்சம் இருக்குற மணலையும் லாரில ஏத்துறோமே! 2008-ல தென்னாப்பிரிக்க ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர் ஆளுங்க ஈதெக்வினி (டர்பன் மாநகராட்சி) பக்கத்து ஆறுகள்ல பண்ணின ஆய்வுல வருஷத்துக்கு 4 லட்சம் கன மீட்டருக்குக் குறையாம மணல் எடுக்குறாங்கன்னு கணக்கு வந்துச்சு. மேல சொன்ன 5 லட்சத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, கரையோரமா ஒரு வருஷம் நகர்ற மணல்ல அஞ்சுல நாலு பங்கு. அத ஆத்துல அள்ளிட்டு அதே அளவு மணலுக்கு டிரெட்ஜர், குழாய், டீசல்னு கோடிக்கணக்குல செலவு பண்றது என்ன கணக்கு?

மணல் அள்ளுற வேலைல இருக்குறவங்க வயிறும் இருக்கு, அத மறந்து பேசக்கூடாது, பக்கின்னு சொல்ற சின்ன லோடு வண்டி வெச்சு சிமென்ட் பிளாக் பண்ற யார்டுக்கு மணல் ஓட்டுறவங்க பெரிய முதலாளிங்க இல்ல. வழி இருக்கு: அணைக்குள்ள மேல் பக்கத்துல சேர்ந்து கிடக்குற மணலை அள்ள விடலாம், அணைக்கும் கொள்ளளவு கூடும், கடலுக்கும் நஷ்டம் இல்ல, ஏன்னா அந்த மணல் எப்படியும் வரப்போறதில்ல. கட்டடத்துக்கு கல்லை உடைச்சுப் பண்ற கிரஷர் மணல் இருக்கு. முகத்துவாரத்துலயும் அதுக்கு மேல கொஞ்ச தூரத்துலயும் மட்டும் ஒரு லாரிகூட கூடாது.

இதைவிடப் பெரிய விஷயம் அம்கோமாஸ். தெக்குக் கரைக்கு மணல் குடுக்குற அந்த ஆத்துல இன்னைக்கு வரைக்கும் பெரிய அணை இல்ல, டர்பனுக்குத் தண்ணி பத்தலன்னு ஸ்மித்ஃபீல்ட் அணை திட்டம் போட்டிருக்காங்க. மணல் வடக்கால நகருதுன்னு ஆரம்பத்துலயே சொன்னேன், அப்போ அம்கோமாஸ் மணல் டோட்டி (அமன்சிம்டோட்டி), இசிபிங்கோ தாண்டி பிளஃப் ஓரம் அந்தப் பள்ளத்துக்கு வர்ற மணல்லயும் சேர்த்தி. அங்க குறைஞ்சா குழாய்ல பம்ப் பண்றதுக்கே மணல் குறையும். மலைல கட்டுற அணையைக் கடல் பிளான்ல எழுதாம விட்டா பிளான் பாதிதான். இங்க சிக்கல் என்னன்னா கடலுக்கு 2018 சட்டம், கரைக்கு 2008 கடற்கரைச் சட்டம், ஆத்து மணலுக்கு 2002 கனிமச் சட்டம், அணைக்குத் தண்ணித் துறை, நாலும் வேற வேற மேசை. ஆத்துத் தலைலேர்ந்து திட்டு ஓரம் வரைக்கும் ஒரே மணல் கணக்கா எழுதி அந்த நாலு மேசைலயும் வைக்கச் சொல்றதுதான் நான் கேக்குற முதல் வேலை, சர்வே கப்பல் செலவு அதுக்கு அடுத்தது.

வீட்டைப் பின்னாடி தள்ளிக் கட்டுறது, மணல் மேட்டுல திரும்ப செடி வைக்கிறது எல்லாம் தனி வழியா நான் எண்ணல, எந்த வழியை எடுத்தாலும் அது கூடவே நடக்கணும். புதுசா கட்டுறவங்களுக்கு மட்டுமாவது கடலோர எல்லைக் கோட்டைத் தாண்டிக் கட்டாதன்னு கண்டிப்பா சொல்லணும்.

எடத்துக்கு எடம் சொல்லணும்னா: சிட்டி பீச்சுக்கு ஹார்பர் மணல், அதுவும் டிரெட்ஜர் நின்னாலும் ஓடுற மாதிரி மாற்று ஏற்பாட்டோட. அம்கேனிக்கு வடக்கால டோங்காட் வரைக்கும் ஆத்து மணல்தான் முதல் வழி, நடுவுல அவசரத்துக்குத் துணிப்பை. தெக்கால டோட்டி, இசிபிங்கோவுக்கு அம்கோமாஸை காப்பாத்துறது, அணை வந்தே தீரும்னா நின்னு போற மணலுக்கு ஈடா வருஷத்துக்கு எவ்வளவு மணல் எங்கேர்ந்து வரும்னு அணைச் செலவுலயே எழுதி வாங்குறது. கடலடி மணல் மூணு பகுதிக்கும் பொதுவான அவசர இருப்பு.

ஆத்து மணல் பர்மிட்டுக்கு சுற்றுச்சூழல் அறிக்கை வந்தா ஜனங்க கருத்து சொல்ல 30 நாள் குடுப்பாங்க. கோவில் கமிட்டில இருந்தாலும் சரி, கரைவலை ஆளா இருந்தாலும் சரி, எழுதிப் போடுங்க. வருஷத்துக்கு எவ்வளவு எடுக்கப்போறாங்க, அந்த ஆறு ஒரு வருஷத்துல எவ்வளவு மணல் கொண்டு வருது, எடுக்குற எடம் முகத்துவாரத்துலேர்ந்து எத்தன கிலோமீட்டர், இந்த மூணையும் கேளுங்க. மூணுக்கும் நம்பர் இல்லாத அறிக்கையா இருந்தா அந்த ஒரு காரணத்தையே எழுதி எதிர்ப்பு தெரிவிக்கலாம்.